கருவேலங்குளம் விலக்கு

மைக் கைக்கு வந்தபோது பாண்டீஸ்வரி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாநகராட்சி மண்டலக் கூட்டம் முடிகிற நேரம். பாதிக் கவுன்சிலர்கள் எழுந்து கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து பிரியாணிப் பொட்டலத்தின் வாசனை வந்தது. மூன்றரை வருஷமாக அவள் இந்த அறையில் வந்து உட்கார்கிறாள். மற்றவர்கள் மேசையைத் தட்டினால் தானும் தட்டுவாள். அதற்குமேல் ஒருநாளும் சத்தம் காட்டியதில்லை. வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதால்தான் புருஷன் செல்வக்குமார் அவள் பெயரில் சீட்டு வாங்கினான். ஒட்டிய போஸ்டரில்கூட அவன் முகம் பெரிது, அவள் முகம் சிறிது. ஊரார் கவுன்சிலர் என்று கூப்பிடுவது அவனைத்தான். குறை சொல்ல வருகிறவர்களிடம் அவன் பேசுவான். அவள் டீ கொடுப்பாள்.

கருவேலங்குளம் கடைசியாக மாநகராட்சியோடு சேர்ந்த ஊர்களில் ஒன்று. நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, மெயின்ரோட்டில் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி உள்ளே வெகுதூரம் போகவேண்டும். ஊருக்குள் வந்து பிள்ளையார் கோயிலைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்த டவுன் பஸ், தண்ணீர்க் குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டியதிலிருந்து விலக்கோடு நின்றுபோனது. குழாய் பதித்தாயிற்று, மண்ணைத் தள்ளி மூடியாயிற்று, அதன்மேல் ஒரு மழைக்காலமும் பெய்து ஓய்ந்தாயிற்று. பஸ் மட்டும் திரும்பவில்லை. புருஷனுக்குத் தெரியாமல் பாண்டீஸ்வரி டெப்போவுக்குப் போய்க் கேட்டாள். ரோடு சரியாக இருக்கிறதென்று மாநகராட்சியில் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். மண்டல ஆபீசுக்கு வந்தால், தார் போடாமல் எப்படி எழுதுவது என்றார் இன்ஜினியர். தார் எப்போது போடுவீர்கள் என்று காண்ட்ராக்டரிடம் கேட்டாள். செல்வக்குமாரோடு ஒரே இலையில் சாப்பிடுகிற மனிதர். பழைய பில் பாஸாகட்டும் தங்கச்சி என்று சிரித்தார்.

எதிர்வீட்டு முத்துத்தாய் மட்டும் இல்லையென்றால் அவளும் அதோடு விட்டிருப்பாள். முத்துத்தாய் அவளுக்கு மதினி முறை. சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரத்துக்கு மூன்று தடவை பெரியாஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவள். மகன் திருப்பூரில். போகும்போதாவது ரோட்டில் எவராவது வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். வரும்போதுதான் கொடுமை. உடம்பிலுள்ள சத்தையெல்லாம் மெஷின் உறிஞ்சிவிட்டதுபோல் விலக்கில் இறங்கி, அந்தக் குண்டும் குழியுமான பாதையில் ஒற்றையாளாக நடக்க வேண்டும். போனவாரம் பாதியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு சேற்றில் விழுந்துவிட்டாள். ஊசி குத்துகிற கையை நெஞ்சோடு அணைத்தபடி, ஆடு மேய்க்கிறவர் வந்து தூக்கும்வரை அங்கேயே கிடந்தாளாம். நேற்று பாண்டீஸ்வரி கஞ்சி கொண்டுபோனபோது, நாளை ஒருநாள் போய் டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். என்னத்தைச் சொல்ல என்று கேட்டதற்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"இனிமே வரலன்னு சொல்லணும்ல. எனக்காக மெஷினப் போட்டுட்டு உக்காந்திருப்பாக."

அந்தச் சொல் இராத்திரி முழுக்கப் பாண்டீஸ்வரியைத் தூங்கவிடவில்லை. காலையில் குளிக்கும்போது, பேசவேண்டியதைத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இப்போது மைக்கைப் பிடித்ததும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பஸ், ரோடு, குழாய் என்று கோர்வையில்லாமல் ஏதோ சொன்னாள். மேடையிலிருந்த மண்டலத் தலைவர் பொறுமையாகத்தான் கேட்டார். பஸ் விடுவது நம் கையில் இல்லை, அது வேறு துறை, ரோட்டுக்கு நிதி வந்ததும் பார்க்கலாம் என்றார். அடுத்த ஆளுக்கு மைக்கைக் கொடுக்கும்படி சைகை காட்டினார். வாங்க வந்த ஊழியரிடம் அவள் கொடுக்கவில்லை.

"ஐயா, எங்க தெருவுல ஒருத்தி சாகப் போறா. அத எந்தத் துறையில சொல்லணும்?"

யாரோ செருமினார்கள். மண்டலத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பதிவு பண்ணியாச்சும்மா, உக்காருங்க" என்றார். கூட்டம் கலைந்தது. பக்கத்து நாற்காலிப் பெண் அவள் கையைத் தொட்டுவிட்டுப் பொட்டலம் வாங்கப் போனாள்.

செல்வக்குமார் வாசலில் வேப்பமரத்தடியில் வண்டியோடு நின்றான். அதற்குள் அவனுக்கு விஷயம் போயிருந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. காண்ட்ராக்டர் அண்ணன் போன் போட்டுவிட்டார், அடுத்த தேர்தலில் சீட்டு வேண்டாமா என்று கேட்கிறார், வீட்டில் சொன்னால் நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போனான். எத்தனை தடவை சொன்னேன் என்று கேட்க நினைத்தாள். "நீங்க போங்க, நான் பஸ்ல வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

சிம்மக்கல்லில் அவள் ஏறியபோது பஸ்ஸுக்குள் முத்துத்தாய் இருந்தாள். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, கட்டுப் போட்ட இடது கையை மடியில் வைத்திருந்தாள். உதடு வெளுத்து வெடித்திருந்தது. பாண்டீஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டரிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டாள். முத்துத்தாய் தலையை அசைத்தாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். நடத்துனர் வந்து இலவச டிக்கெட் இரண்டைக் கிழித்துக் கொடுத்தார். முத்துத்தாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காசு வேணாங்கிறாக. காலுதான் வேணுமாம்."

சொல்லிவிட்டு அவளே இலேசாகச் சிரித்தாள். பாண்டீஸ்வரி வெளியே பார்த்தாள். கூட்டத்தில் நடந்ததை இவளிடம் எப்படிச் சொல்வது? கேட்டேன் மதினி, பதிவு பண்ணியிருக்கிறார்கள் என்றா? காளவாசல் தாண்டியது, நாகமலையின் நீண்ட முதுகு கூடவே வந்தது, வெயில் சாய்ந்தது.

விலக்கில் எல்லோரும் இறங்கினார்கள். எல்லோரும் என்றால் காய்கறிப் பையோடு நாலைந்து பெண்கள். கடைசியாக வந்த முத்துத்தாய் முதல் படியில் கால் வைத்ததும் "ஆத்தா" என்று முனகிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கெண்டைக்கால் கல்லாக இறுகிப்போயிருந்தது. பாண்டீஸ்வரி குனிந்து நீவிவிட்டாள். நடத்துனர் நேரமாகிறது என்றார். ஓட்டுநர் வண்டியைத் திருப்புவதற்காக ஸ்டியரிங்கை ஒடிக்க ஆரம்பித்தார். அந்த நேரத்தில் தனக்குள் என்ன அறுந்தது என்று பாண்டீஸ்வரிக்குத் தெரியாது. எழுந்தாள், வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"உள்ள போங்கண்ணே."

"ரூட்டு இங்கனதான் முடியுது. ஒத்துங்க."

"நான் இந்த வார்டு கவுன்சிலர். நான் சொல்றேன், போங்க."

அந்த வார்த்தையை அவள் தன் வாயால் சொன்னது அதுதான் முதல்முறை. தன் காதுக்கே அது வேறு யாரோ சொன்னதுபோல் இருந்தது. ஓட்டுநர் அவளை மேலும் கீழும் பார்த்தார். நடத்துனர் இறங்கிவந்து, அந்த மண் தாங்காது, வண்டி சாய்ந்தால் டிரைவர் காளையண்ணன் வேலை போய்விடும், நீங்களா வந்து சோறு போடுவீர்கள் என்று படபடத்தார். அவள் நகரவில்லை. கைகூப்பக்கூட இல்லை, கூப்பினால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. கொஞ்ச தூரத்தில் செல்வக்குமாரின் வண்டி வந்து நிற்பதையும், அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு இவளை நோக்கிக் கையை ஆட்டுவதையும் பார்த்தாள். இறங்கிய பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு மறுபடியும் ஏறி உட்கார்ந்தார்கள்.

காளை, படியில் சுருண்டிருந்த முத்துத்தாயைத் திரும்பிப் பார்த்தார்.

"சாஞ்சா யாரு பொறுப்புக்கா?"

"நாந்தான்."

"உங்களால என்ன செய்ய முடியும்?"

ஒன்றும் முடியாது என்று காலையிலிருந்து அவளுக்கே தெரியும். ஆனாலும் ஒதுங்கவில்லை. காளை முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு, முத்துத்தாயைப் பெண்கள் தூக்கி உள்ளே உட்காரவைத்ததும் கியரைப் போட்டார்.

அவள் முகத்தை வண்டிப் பக்கம் வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தாள். இரண்டு கையையும் நீட்டி, வாங்க, வாங்க, கொஞ்சம் வலத்த ஒடிங்க என்று சொல்லிச்சொல்லி நடந்தாள். செருப்பு எங்கேயோ கழன்றுவிட்டது. கருவேலமுள் முந்தானையை இழுத்தது. வழியிலிருந்த சின்னப் பாலத்துக்கிட்டே, குழாய் போன இடத்தில் மண் இளகிக் கிடந்தது. முன்சக்கரம் கடந்துவிட்டது. இடப்பக்கப் பின்சக்கரம் இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. பஸ் மெல்லச் சாய்ந்தது. உள்ளே காய்கறிகள் உருளும் சத்தம் கேட்டது, ஒரு பெண் சாமி பெயரைச் சொன்னாள். இருட்டிக்கொண்டு வந்ததால் காளை விளக்கைப் போட்டார். மஞ்சள் வெளிச்சம் முழுதாக அவள்மேல் விழுந்து கண் கூசியது. அதற்குப் பின்னால் இருப்பது ஒன்றும் தெரியவில்லை. இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது, சக்கரம் சேற்றை வாரி வீசிக்கொண்டிருந்தது. அவள் நீட்டிய கைகளை மடக்காமல், வெளிச்சத்தைப் பார்த்து, வாங்க, வாங்க என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.