ஆபீஸ் மேடம் வந்த கூட்டம்

நர்சரி ஆயா மாடிப்படியில் உருண்டு மணிக்கட்டை உடைத்துக்கொண்ட மறுநாளே அவள் இடத்தில் வேறொருத்தி நின்றாள். பெஞ்சுகளை மேல்மாடிக்குத் தூக்கச் சொன்னது பள்ளிக்கூடம். "அவங்களா போய்த் தூக்கி விழுந்தா நாங்க பொறுப்பா?" என்று கையைக் கழுவியதும் அதே பள்ளிக்கூடம்தான்.

அதுவரை தானுண்டு தன் அலமாரிகளுண்டு என்றிருந்த லைப்ரரி டீச்சருக்கு அன்று சோறு இறங்கவில்லை. சைக்கிள் கடை மாடியிலிருந்த தொழிற்சங்க அறைக்குப் போனாள். அங்கிருந்த சங்கத்துக்காரர் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "வேலை செய்யறவங்கள்ல பாதிப் பேருக்கு மேல சேரட்டும்மா. அப்புறம் நிர்வாகம் பேசமாட்டேன்னு தட்டிக்கழிக்க முடியாது. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா பேசுங்க. பேசறதைவிட அதிகமா கேளுங்க" என்றார்.

கேட்டாள். கேட்கக் கேட்கத்தான் எல்லோருக்கும் ஒரே பயம் என்பது தெரிந்தது. பி.டி. மாஸ்டர் பந்துக்குக் காற்றடிப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னார். "நீங்க சொல்றது நியாயம்தான் டீச்சர். ஆனா என் பேரு மட்டும் வேண்டாம். ரெண்டு பொண்ணுங்களை வச்சிருக்கேன்."

பஸ் டிரைவர் வேறு மாதிரி. "டீச்சருங்க சங்கத்துல எங்களைப் பக்கத்துல உட்கார விடுவாங்களா?"

"பள்ளிக்கூடத்துல வேலை பார்க்கிற எல்லாருக்கும்தான் இது."

"அப்ப சனிக்கிழமை கூட்டத்துக்கு வர்றேன். ஆனா ஒண்ணு, சிசிடிவிக்குத் தெரியாம பார்த்துக்குங்க."

டீச்சர் சிரிக்க முயன்றாள், முடியவில்லை. சிசிடிவி என்று அவர்கள் பெயர் வைத்திருந்தது பிரின்சிபல் அறை வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆபீஸ் மேடத்துக்கு. அவள் லைப்ரரி டீச்சரின் நாத்தனார். நாற்பதைத் தொட்டும் வீட்டில் இன்னும் 'பாப்பா'தான். டீச்சருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது பாப்பா தட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "நாளைக்கு எங்கயாவது போறீங்களா அண்ணி?"

"ஏன்?"

"சும்மாதான்."

அவள் எழுந்து மாடிக்குப் போனதும் கணவன் குரலைத் தாழ்த்தினான். "எல்லாம் என் காதுக்கு வருது. அவ வாங்கிக் கொடுத்த வேலையில உட்கார்ந்துக்கிட்டு அவ தலையிலயே கல்லைப் போடப் போறியா?"

"ஆயா தலையில விழுந்த கல்லு யாருதுங்க?" என்று கேட்டுவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சனிக்கிழமை மதியம் சங்க அறையில் ஃபேன் சுற்றும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். பேர் வேண்டாம் என்ற பி.டி. மாஸ்டரும் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி நாற்காலியில் இருந்தார். சங்கத்துக்காரர் பேசத் தொடங்கியபோது மரப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஏறி வந்தது பாப்பா.

யாரோ கைப்பையை மூடும் சத்தம். இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். எல்லோருடைய பார்வையும் பாப்பாவை விட்டு லைப்ரரி டீச்சர் மேல் திரும்பியது. நீ சொல்லித்தான் வந்தாளா என்று அந்தப் பார்வைகள் கேட்டன. சத்தியமாக டீச்சருக்கே ஒன்றும் தெரியாது.

"யார் அனுப்பினாங்க உன்னை?" என்று நேராகவே கேட்டாள்.

"பிரின்சிபல்தான். யார் யாரு வர்றாங்கன்னு பார்த்துட்டு வந்து சொல்லணுமாம்." பாப்பாவுக்கு மூச்சு இரைத்தது. "அதைச் சொல்லிட்டுத்தான் உள்ள வரணும்னு நினைச்சேன்."

"நல்லதாப் போச்சு! எங்க மூஞ்சியெல்லாம் பார்த்தாச்சுல்ல, கிளம்புங்க!" பி.டி. மாஸ்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

பாப்பா நகரவில்லை. "பெஞ்சைத் தூக்கச் சொல்லி ஆயாகிட்ட சொன்னது நான்தான். பிரின்சிபல் சொன்னாரு, நான் போய்ச் சொன்னேன். முட்டி வலிக்குதும்மான்னா. ரெண்டுதானே, சீக்கிரம் தூக்குன்னேன்." அண்ணி பக்கம் திரும்பினாள். "அவளா போய்த் தூக்கினான்னு இப்ப சொல்றாங்க அண்ணி. நானும் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரே வீட்டில் இத்தனை நாள் இதை மென்று விழுங்கிக்கொண்டா இருந்தாள்? ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. ஆனால் ஆயாவுக்கு இருக்கும் ஒரே சாட்சி எதிரே நிற்கிறாள். கோபத்தைக் காட்டினால் அப்படியே படியிறங்கிப் போய்விடுவாள்.

"இதை நிர்வாகத்துக்கு முன்னாடி சொல்லுவியா?"

"எப்படி அண்ணி? மறுநாளே வெளிய தள்ளிடுவாங்க. தனியா நின்னு என்னால முடியாது."

"யாரையும் தனியா நிக்க விடக்கூடாதுன்னுதானே இங்க உட்கார்ந்திருக்கோம்? ஆயா தனியா இருந்தா, அதனாலதான் தூக்கிப் போட்டாங்க. நீ சேர்ந்தா உன்னைத் தொடறதுக்கு முன்னாடி இந்த அறையில இருக்கிற எல்லாருக்கும் அவங்க பதில் சொல்லணும்."

"இவங்க எனக்காக வருவாங்களா? எனக்கு என்ன பேரு வச்சிருக்காங்கன்னு தெரியும்."

பி.டி. மாஸ்டர் விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். அவர் பின்னாலேயே இன்னொருவரும் போனார். அவ்வளவுதான், எல்லாம் கலைந்தது என்று டீச்சர் நினைத்த நேரத்தில் பஸ் டிரைவர் தொண்டையைக் கனைத்தார்.

"பேரு வச்சது நான்தான் மேடம். மனசுல வச்சுக்காதீங்க." தன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். "உட்காருங்க."

அன்றைக்கு அங்கே மிஞ்சிய அத்தனை பேரும் சங்கத்தில் சேர்ந்தார்கள். முதல் கையெழுத்து பாப்பாவுடையது.

திங்கட்கிழமை இடைவேளையில் பிரின்சிபல் பாப்பாவை உள்ளே கூப்பிட்டார். டீச்சரும் மற்றவர்களும் வகுப்பறைகளிலிருந்து இறங்கி வந்து ஆபீஸ் வராந்தாவில் நின்றார்கள். டிரைவர் காக்கிச் சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். கதவு பாதி திறந்துதான் இருந்தது.

"யார் யாரு போனது?"

"நான் போனேன் சார். சேர்ந்துட்டேன்."

"வேற யாரு?"

"அவங்களையே கேளுங்க சார். வெளியதான் நிக்கிறாங்க."

நாற்காலி இழுபட்டது. பிரின்சிபல் வாசலுக்கு வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். டீச்சர் பார்வையைத் தாழ்த்தவில்லை. "மணி அடிச்சாச்சு, கிளாஸுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாளே பாப்பாவை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை, துணியவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. ஒரு மதியம் பி.டி. மாஸ்டர் லைப்ரரிக்குள் வந்து, "சங்கத்துக்காரர் நம்பர் இருக்கா?" என்று அலமாரியைப் பார்த்துக் கேட்டார். டீச்சர் கொடுத்தாள்.

சங்கத்தில் சேர்ந்தவர்கள் பாதியைத் தாண்டியதும் நிர்வாகம் பேச உட்கார்ந்தது. பாப்பா நடந்ததை நடந்தபடி சொன்னாள். வைத்தியச் செலவு பள்ளியுடையது, கை குணமானதும் ஆயா அதே வேலைக்குத் திரும்பலாம் என்று முடிவானது.

செய்தி சொல்ல அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்தே ஆயா வீட்டுக்குப் போனார்கள். ஆயா கட்டுப் போட்ட கையோடு கதவைத் திறந்தாள். "உள்ள வாங்க டீச்சர்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பாப்பாவைப் பார்த்து வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

பாப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.