காய இரண்டு நாள்

கீழ்வீட்டுக்காரர் மூன்றாவது முறையாக வந்து கதவைத் தட்டியபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

"அக்கா, மறுபடியும் எங்க பாத்ரூம்ல மேலேர்ந்து சொட்டுது."

"நாளைக்குள்ள சரி பண்ணிடறேன் தம்பி" என்று அனுப்பிவைத்தேன்.

ஒழுகுவது எங்கே என்று தெரியும். குளியல் தொட்டியின் விளிம்பும் சுவரும் சேருகிற இடுக்கில் அடைத்திருக்கும் சிலிகான் பூச்சில்தான். இரண்டு மாதத்தில் இரண்டு தடவை நானே பூசினேன். இரண்டு தடவையும் பத்தே நாளில் வாயைப் பிளந்துவிட்டது.

என் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதிலிருந்து, சாயங்காலம் அரை மணி நேரம் வெந்நீரில் கிடந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். தொட்டியில் இறக்குவதும் ஏற்றுவதும் நான். எட்டு மாதமாக ஒரு நாள் தவறவில்லை. ஆள் இளைத்துவிட்டார் என்று பார்க்க வருகிறவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். ஒரு தடவை தூக்கிப் பார்த்தால் தெரியும். என் வலது கை தலை வாரக்கூட மேலே எழும்ப மாட்டேன் என்கிறது.

ஹார்டுவேர் கடையில் போய், "நீங்க குடுத்தது டூப்ளிகேட்" என்று சண்டைக்கு நின்றேன். கடைக்காரர் அசரவில்லை.

"பூசும்போது தொட்டில தண்ணி இருந்துச்சா?"

"தண்ணிய வெச்சுக்கிட்டு யாராவது பூசுவாங்களா?"

"அங்கதாம்மா தப்பு. காலியா இருக்கறப்போ பூசினா, அப்புறம் தண்ணியும் ஆளும் ஏறினதும் தொட்டி ஒரு நூல் கீழ இறங்கும். பூச்சு கிழிஞ்சுடும். தண்ணிய ரொப்பிட்டுப் பூசுங்க. ஒரு நாள் காயட்டும், அதுவரைக்கும் தொட்டியத் தொடாதீங்க."

ஒரு நாள் யாரையும் தூக்க வேண்டாம். வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பழைய பூச்சைக் கத்தியால் கீறி இழுத்தேன். ஒரு சாண் வரும், அறுந்துபோகும். அடியில் கன்னங்கரேலென்று பூஞ்சை. சுரண்டித் துடைத்து, இடுக்கு நன்றாக உலர்ந்த பிறகு தொட்டியை நிரப்பினேன். புது சிலிகான் டியூபின் மூக்கை வெட்டக் கத்தரிக்கோல் எடுக்க என் கணவரின் அறைக்குப் போய்வந்தேன். பிதுக்கிப் பூசி, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் வழித்துவிட்டேன். கத்தரிக்கோலைத் திரும்ப வைக்கப் போனபோது அவர் கேட்டார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஆனா காய ரெண்டு நாள் ஆகுமாம்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவருக்கு இரண்டு நாள் தூக்கம் போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மாற்றிச் சொல்லவில்லை.

"சரி" என்றார்.

அன்று சாயங்காலம் காலை நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சுகமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மாத்திரையோடு போனேன். தூங்காத கண் சிவந்திருந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையில் எதையோ வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். காலி டியூப். கத்தரிக்கோலோடு அதையும் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிக்கிற மனுஷனிடம்!

"இதுல ஒரு தப்பு இருக்கு" என்றார்.

நான் நீட்டிய மாத்திரையை அவர் வாங்கவில்லை.

"காய இருபத்துநாலு மணி நேரம்னு போட்டிருக்கு."

பொய்யைத் தொடரத் தெம்பில்லை. "என்னால முடியலைங்க" என்றேன். "ஒரே ஒரு நாள் கூட வேணும்னு தோணிச்சு."

அவர் தலைமாட்டில் துழாவி, அச்சகத்துச் சிவப்புப் பேனாவை எடுத்தார். இருபத்துநாலின் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதி, டியூபை என்னிடம் நீட்டினார்.

எழுபத்திரண்டு என்று இருந்தது.

"மூணு நாள்" என்றார். "இப்பதான் சரியா இருக்கு. போய்ப் படு."