இரண்டாவது பெட்டி

என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நடுவழியில் நின்றுபோன எந்த லிஃப்டையும் மளமளவென்று ஓட வைத்துவிடுவார். ஆனால் இரண்டு பழைய வூஃபர்களில் எது உசத்தி என்று முடிவு செய்ய அவருக்கு ஆறு மாதம் போதவில்லை.

வூஃபர் என்றால் ஸ்பீக்கர் பெட்டியில் அடித்தொண்டைச் சத்தத்துக்காக இருக்கும் பெரிய காகிதக் கூம்பு. இதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை; தெரிந்து தொலைத்திருக்கிறது. ஒன்று, அவர் ஒரு பழைய ரேடியோகிராமைப் பிரித்து எடுத்தது. மற்றது, மூடிப்போன சினிமா கொட்டகையிலிருந்து என் அண்ணன் தூக்கிக்கொண்டு வந்தது. அண்ணன் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவன். மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து பலகை அறுத்து, ஒரே அளவில் இரண்டு பெட்டி செய்து, எங்கள் பின்னறையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள்; மேலே அவருடையது, கீழே அண்ணனுடையது. பாடுகிற பெட்டி கண்ணில் படக் கூடாதாம், காது மட்டும்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். அதற்காக முன்னால் என் திரைத்துணியைக் கட்டினார்கள். ஸ்விட்சை இந்தப் பக்கம் தட்டினால் ஒன்று, அதாவது மேல் பெட்டி; அந்தப் பக்கம் தட்டினால் இரண்டு, கீழ்ப் பெட்டி.

அந்த அறை எனக்கு வேண்டும். சீருடை தைக்கும் வேலையைத் தர ஒரு பள்ளிக்கூடம் ஒப்புக்கொண்டிருக்கிறது, ஆனால் தைக்கிற இடத்தைப் பார்த்த பிறகுதான் தருமாம். பார்க்க வருவது நாளைக்கு. துணி ஓரம் அடிக்கும் என் ஓவர்லாக் மெஷினோ வாசலில் செருப்போடு செருப்பாக நிற்கிறது. அவருடைய வூஃபர் ஜெயித்தால் பெட்டிகளைக் கூடத்தில் வைத்துவிட்டு அறையைக் காலி செய்து தருவதாக வாக்கு. அண்ணனுடையது ஜெயித்தால் அதற்கு இன்னும் பெரிய பெட்டி வேண்டுமாம். மறுபடி பலகை, மறுபடி மரத்தூள், மறுபடி அதே அறை.

"ஒண்ணுல ஒரு கனம் இருக்கு மச்சான். ரெண்டு கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு" என்பார் இவர்.

"கனமா அது? மூக்கடைச்ச மாதிரி இருக்கு மாப்பிள்ளை. ரெண்டைக் கேளுங்க, எவ்வளவு ஆழம்!" என்பான் அவன்.

என்னையும் ஒரு நாள் உட்கார வைத்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்றேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இன்று காலை திரையின் ஒரு கிளிப் உடைந்தது. "கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா" என்றார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, துணியைத் தூக்கிப் பிடித்தபடி பெட்டிகளின் பக்கத்தில் நின்றேன். மேல் பெட்டியின் கூம்பு பாட்டுக்குத் தகுந்தபடி முன்னும் பின்னும் அசைந்தது. "இப்ப ரெண்டு" என்று அண்ணன் ஸ்விட்சைத் தட்டினான். அப்போதும் மேல் பெட்டிதான் அசைந்தது. கீழே இருந்ததன் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு துடிப்பும் இல்லை.

ஆறு மாதமாக ஒரே பெட்டியைக் கேட்டுவிட்டுத்தான் இந்தக் கனம், ஆழம், தொளதொள எல்லாம்! சொல்லிவிடத்தான் திரும்பினேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அந்த நேரம் பார்த்து அண்ணன் விட்டுக்கொடுத்துவிட்டான்.

"சரி மாப்பிள்ளை, நீங்களே ஜெயிச்சீங்க. ஒண்ணுதான் நல்லா இருக்கு. என்னோடதை நான் எடுத்துட்டுப் போறேன்."

அறை என் கைக்கு வந்துவிட்டது. துணியைப் போட்டுவிட்டு நேராக ஓவர்லாக் மெஷினிடம் போயிருக்க வேண்டும். என்னை இன்னும் பாப்பா என்றே கூப்பிடும் அண்ணன் சும்மா இருந்தானா?

"பாப்பாவுக்குத்தான் எல்லாம் ஒண்ணு. தையல் மெஷின் சத்தத்துல காது மரத்துப் போச்சு, பாவம்."

அவரும் சிரித்தார். அதுதான் தாங்கவில்லை.

"மரத்துப் போனது யார் காது? கீழே இருக்கிறது இதுவரைக்கும் பாடவே இல்ல! வந்து தொட்டுப் பாருங்க, ரெண்டு பேரும்!"

சொன்ன அடுத்த நொடியே என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் ஸ்விட்சைக் கழற்றினார். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பெட்டியின் கம்பியைப் பற்றவைத்திருந்தார். காது மடலெல்லாம் சிவந்துவிட்டது அவருக்கு. அண்ணன் தரையைப் பார்த்தான். அவர் கம்பியைப் பிரித்து, கீழ்ப் பெட்டிக்கும் சேர்த்துச் சரியாகப் பற்றவைத்தார்.

"இந்த வீட்டுல உனக்குத்தான் காது இருக்கு. நீ உட்காரு. நீ சொல்றதுதான் முடிவு" என்று எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முதலில் ஒன்று. கேட்டுப் புளித்த அதே பாட்டு, அதே ஆண் குரல். பிறகு ஸ்விட்சைத் தட்டினார்.

பாடுகிற மனிதரே அறைக்குள் வந்து உட்கார்ந்தது போலாகிவிட்டது. பாட்டின் அடியை எடுக்குமுன் அவர் மூச்சு இழுத்தது கேட்டது. கீழே இறங்கும் இடத்தில் குரல் என் நெஞ்சுக்குள்ளேயே இறங்கியது. கையில் மயிர்க்கூச்செறிந்தது. ஒருவரும் பார்க்காமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. அண்ணன் மூச்சு விடாமல் நின்றான். இவர் என் முகத்தையே பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தைக்கு அவர் இப்படிக் காத்திருந்ததில்லை.

"ஒண்ணுதான்" என்றேன்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தாங்க. ரெண்டாவது வெறும் சத்தம்."

அவரும் கேட்டிருந்தார் அல்லவா? அவருக்கும் தெரிந்திருக்கும். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கீழ்ப் பெட்டியைக் கழற்ற ஆரம்பித்தார்.

அண்ணன் அந்த வூஃபரைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினான். நான் மெஷினை அறைக்குள் இழுத்துப் போட்டு, மரத்தூளைக் கூட்டி, நூலைக் கோத்து ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது. எனக்குத்தான் அந்தச் சத்தத்தைக் கேட்கப் பிடிக்கவில்லை.