போர்வைக்குள் பை

வீரமணியின் கை போர்வைக்குள் நுழைந்து மூத்திரக் குழாயைப் பிடித்தது. ஒரே இழுப்பு. இந்த வாதை தீர்ந்துவிடும்!

அடிவயிற்றைக் கயிறு போட்டு முறுக்குவது போலிருந்தது. கல்வராயன் மலைச் சரிவில் மரவள்ளி மூட்டை சுமந்து இறங்கிய உடம்புதான். இதைத் தாங்க முடியவில்லை. மூத்திரம் முட்டுகிறது, போகத்தான் மாட்டேனென்கிறது. நேற்றுத்தான் மனைவி செந்தமிழ்ச்செல்வியின் கிட்னியை அவனுக்குப் பொருத்தினார்கள். 'அவ குடுத்தது சேரலியோ?'

நர்ஸைக் கூப்பிடலாம். ஆனால் அறைக் கண்ணாடிக்கு அப்பால் செல்வியின் அண்ணன் கொளஞ்சியப்பன் நின்றான். ஆபரேஷனே வேண்டாமென்று குதித்தவன். "என் தங்கச்சிய அறுத்துட்டு, அதுவும் வேல செய்யலன்னு வந்து நிக்காத மாப்ள" என்று நைனார்பாளையமே கேட்கக் கத்தியவன்.

அவனைக் கண்டதும்தான் வீரமணி அந்தக் காரியத்தைச் செய்தான். கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பையைக் குழாயோடு கொக்கியிலிருந்து எடுத்து, போர்வைக்குள் தொடையடியில் ஒளித்தான். அதையும் காட்டிக்கொண்டு மச்சான் முன்னால் கிடப்பதா?

கதவு திறந்தது. நர்ஸ் சுபஸ்ரீ.

"அண்ணா, பை எங்க?"

அவள் போர்வையை விலக்கினாள். முகம் வெளிறியது.

"கைய எடுங்க மொதல்ல! உள்ள பலூன் ஊதி வச்சிருக்கு, இழுத்தா கிழிச்சிக்கினு வரும். ஐயோ, ட்யூப் மடங்கிக் கெடக்குதே! இன்னா வேலண்ணா பண்ணி வச்சிருக்கீங்க?"

மடிப்பை நீவினாள். பையைக் கீழே தொங்கவிட்டாள். வெளிறிய சிவப்பில் சிறுநீர் சரசரவென்று இறங்கியது. முறுக்கு தளர்ந்தது. அடுத்த நிமிடமே மறுபடி பிடித்தது.

"இன்னும் முட்டுதே சிஸ்டர்... கிட்னி போச்சா?"

"அது கிட்னி இல்லண்ணா. ட்யூப, வயித்துக்குள்ள இருக்கற மூத்திரப்பை வெளிய தள்ளப் பாக்குது. அதான் முட்டற மாதிரியே இருக்கும். முக்காதீங்க. வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னா மருந்து குடுத்திருப்போம்ல?"

குழாய் இழுபடாதபடி தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். டாக்டரிடம் போனில் பேசி, ஊசி ஏற்றினாள். பிடிப்பு மெல்ல மெல்ல இளகியது. வீரமணி மூச்சு விட்டான்.

அவள் முகம் மட்டும் இளகவில்லை. "அடைச்சிக்கினு கெடந்ததுல உள்ள தையல் தாங்குச்சான்னு தெரியல. டாக்டர் ஸ்கேன் பாக்க வராரு."

வீரமணி கண்ணாடியைப் பார்த்தான். மச்சான் பையையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"பக்கத்து ரூம்ல உங்க வூட்டம்மா," என்றாள் சுபஸ்ரீ, "கண்ணு முழிச்சதுலேருந்து ஒண்ணுதான் கேக்குறாங்க. பை ரொம்புதா, ரொம்புதான்னு. இன்னா சொல்லட்டும்?"

வீரமணி கட்டிலோரம் தொங்கிய பையைப் பார்த்தான்.

"ரொம்புதுன்னு..." என்று ஆரம்பித்தான்.

வாசலில் ஸ்கேன் மெஷினை உருட்டி வரும் சத்தம் கேட்டது.

"இருங்க சிஸ்டர். இத பாத்துட்டு சொல்லலாம்."