முளைவிடும் குற்றம்

"நிலாணி, நீர் கொஞ்சம் அங்கால போய் நில்லுமப்பா. நிழல் விழுகுது."

இராஜேஸ்வரி அதட்டவில்லை. நேரம் போகிறதே என்ற அவசரத்தில், வழியில் கிடந்த செருப்பைக் காலால் ஒதுக்குவதுபோலச் சொன்னாள். நிலாணி பிரிட்ஜோடு ஒட்டி நின்றாள். வீடு அவளுடையது. கலியாணம் அவள் மகள் அட்சயாவுடையது. அவளுடைய நிழல்தான் யாருக்கும் வேண்டாததாய் இருந்தது.

ஸ்காபரோவில் மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்கியாயிற்று என்று போன் வந்திருந்தது. இனி அஜக்ஸில், பெண் வீட்டில், பாலிகை போட வேண்டும். ஊறவைத்த நவதானியத்தை மண்சட்டிகளில் தூவிச் சுமங்கலிப் பெண்கள் பால் தெளிப்பார்கள். அடுத்த ஞாயிறு மணவறையில் அந்த முளைகள் செழித்து நிற்க வேண்டும். முளை எப்படியோ, பிள்ளைகளின் வாழ்வும் அப்படி என்பது நம்பிக்கை.

இராஜேஸ்வரி முதற்கை தூவினாள். அவள் கணவன் நவரட்ணம், றூபனின் தமையன். றூபன் நிலாணியின் கணவன். போன மாரிக்கு முதல் மாரியில் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவன், யாரோ கூப்பிட்டதுபோல நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே சரிந்தான்.

மற்ற இரண்டு பெண்களும் தூவினார்கள். சட்டியில் பால் வார்த்தபோது நிலாணியால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, பால் கூடிப்போச்சுது. விதை மூச்சுமுட்டிப்போம்."

"உது உம்மட வேலையிடமில்லை, கண்டீரோ. இது மங்கள காரியம்."

பெண்கள் சிரித்தார்கள். இராஜேஸ்வரி சட்டிகளைச் சாமியறைக்குள் கொண்டுபோய், தரையில் வெப்பக்காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சூடு பட்டால் கெதியாய் முளைக்கும் என்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு அட்சயாவிடம் சொன்னாள்:

"ஒவ்வொரு நாளும் நீதான் பால் தெளிக்கவேணும். அம்மாவை உள்ளுக்க விடாத. தண்ணியில விடுமட்டும் உதை ஒருத்தரும் எறியவும் கூடாது. எறிஞ்சால் பிள்ளைக்குக் கூடாது. கலியாணம் முடிஞ்சு நாலாம் நாள் நாங்களே வந்து தூக்கிக்கொண்டுபோய் ஏரியில விடுவம்."

நவரட்ணம் போகும்போது நிலாணியின் அருகில் வந்து மெல்லக் குனிந்தார். அவர் நல்ல மனிதர். அதனால்தான் அவர் சொன்னது அதிகம் நொந்தது.

"தாரைவார்த்துக் குடுக்க நானும் இவவும் இருக்கிறம். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். முன்னால வராமல் மூண்டாம் வரிசையில இருந்தால் காணும்."

மறுநாள் நிலாணி வேலைக்குப் போனாள். ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு கோதுமை ஆராய்ச்சி நிலையம். கேக்குக்கும் பிஸ்கற்றுக்கும் ஏற்ற மிருதுவான வெள்ளைக் கோதுமையை, இளவேனிலில் விதைக்கக்கூடியதாக உருவாக்குவது அங்கே பல வருட வேலை. றூபனும் அங்கேதான் இருந்தான். அவன் கலப்புச் செய்வான். அவள் சோதித்துப் பார்ப்பாள்.

கலப்பென்பது பொறுமையான வேலை. தாய்க்கதிரின் பூக்களை நுனி கத்தரித்து, உள்ளே உள்ள மகரந்தப் பைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிவிட்டு, கதிருக்குக் கண்ணாடித்தாள் உறை போட்டுவிடுவார்கள். வேறொரு கதிரின் மகரந்தத்தை அதில் உதிர்த்ததும் றூபன் சொல்வான்: "இஞ்சாரும், கலியாணம் முடிஞ்சுது. சாப்பாடு எங்க?" பிறகு அட்டையில் எண் எழுதுவான். தாயின் எண் முதலில். தந்தையின் எண் அதற்குப் பிறகு. அது உலகம் முழுவதும் அப்படித்தான். சட்டியில் விதை போட்டால் மண் படிவதற்காக விளிம்பில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவான். டொக், டொக்.

அவன் போன பிறகும் வளர்ப்பறையில் அந்தச் சத்தம் கேட்டது. குழாய் சூடாகிற சத்தம் என்றார் மேலாளர் மாக்கஸ். குழாயாகவே இருக்கலாம். ஆனால் அது அவள் விதை போடும்போது மட்டும் கேட்டது.

அவன் கடைசியாய் உருவாக்கிய கோதுமை ஒன்று இருந்தது. அதன் மாவில் பிஸ்கற் அகலமாய், மொறுமொறுப்பாய் வந்தது. துரு நோயும் அதை அண்டவில்லை. றூபன் அதைச் செல்லப்பிள்ளை என்பான். அவன் செத்த வருடம் அதன் முற்றிய கதிர்களை, மழைபோல ஈரம் தூவும் பனிப்புகை அறையில் தொங்கவிட்டுச் சோதித்தவள் நிலாணிதான். அறுவடை நேரத்து மழைக்கு நல்ல கோதுமை கதிரிலேயே முளைத்துவிடக் கூடாது. முளைத்தால் மாவு பழுதாகும். வெள்ளைக் கோதுமைக்கு எப்போதும் உள்ள குற்றம் அது. செல்லப்பிள்ளை கதிரிலேயே பச்சையாய்ச் சிலிர்த்துக்கொண்டு முளைத்தது. ஒருவேளை தவறோ என்று அடுத்த வருடமும் சோதித்தாள். வேறு நிலத்தில் விளைந்ததையும் சோதித்தாள். பிறகு தன் கையாலேயே அதைத் தகாதென்று தள்ளினாள். அன்று முழுக்க அறையில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

செவ்வாய் பின்னேரம் வீடு திரும்பியபோது படிக்கட்டிலேயே மணம் வந்தது. புளித்த பாலும் ஊறின சாக்கும் சேர்ந்த மணம். சாமியறைக் கதவுக்கு வெளியே அட்சயா நிலத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, it stinks. ஒண்டுமே முளைக்கேல்ல. வெள்ளையா, பிங்க்கா ஏதோ பூத்திருக்கு."

"கதவைத் திற."

"பெரியம்மா உங்களை…" அவள் நிறுத்தினாள். இந்த ஊரிலேயே பிறந்தவள். ஒரு சாத்திரத்தையும் நம்பாதவள். இப்போது முகம் வெளிறியிருந்தது. "அம்மா, இது அப்பாவோ? அப்பாக்கு இது விருப்பமில்லையோ?"

நிலாணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பாக்குப் பாலில ஊறின விதைதான் விருப்பமில்லை. சூடும் பாலும் சேர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வேற ஒண்டுமில்லை, பிள்ளை."

"I know. ஆனா ஒருத்தரும் பால் எண்டு சொல்ல மாட்டினம். They'll say it's you."

அவள் சொன்னது சரி. மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் முளைக்காத பாலிகையை வைத்தால், அந்தப் பிள்ளையின் வாழ்வில் இனி விழும் ஒவ்வொரு இடிக்கும் அவள் தாயின் நிழலே காரணமாகும். ஒரு காய்ச்சல், ஒரு சண்டை, தள்ளிப்போகும் ஒரு கர்ப்பம், எல்லாவற்றுக்கும்.

நிலாணி எழுந்து கதவைத் தானே திறந்தாள். உள்ளே இருட்டாய், வெக்கையாய் இருந்தது. சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் றூபனின் படம். சட்டிகளைத் தூக்குமுன் தன் கைகளை உடுப்பில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாள் கேட்ட பேச்சு அவளுக்குள்ளும் எங்கோ வேர்விட்டிருந்தது.

"எறியக்கூடாதெண்டு சொன்னவா," என்றாள் அட்சயா.

"எறியேல்ல. அழுகினதை மாத்திப்போட்டு இதே சட்டியில திருப்பி விதைக்கப்போறன்."

"உங்கட கையாலயோ?"

"வேற ஆரிட கை இருக்கு?"

அட்சயா எழுந்தாள். பிறகு ஒரு சட்டியைத் தானும் தூக்கிக் காருக்குக் கொண்டுபோனாள்.

தள்ளிய அந்தச் செல்லப்பிள்ளைக் கோதுமையில் கொஞ்சம் ஆராய்ச்சி நிலையத்தில் பறவைத் தீனிக்கென்று சாக்கில் கிடந்தது. மாக்கஸிடம் கேட்டாள், அவர் தோளைக் குலுக்கி, அள்ளிக்கொள் என்றார். சட்டிகளைக் கழுவிப் புது மண் போட்டாள். நவதானியத்துக்கு மற்ற எட்டும் சேர்த்தாள். கோதுமையைத்தான் கைநிறைய அள்ளினாள். வளர்ப்பறை விளக்கின் கீழ் வைத்துவிட்டுக் காத்து நின்றாள்.

டொக், டொக்.

அந்தக் கோதுமையைத் தள்ளுவதற்கு முன் மழையில் வைத்துப் பார்த்தார்கள், வெயிலில் வைத்துப் பார்த்தார்கள், மாவாக்கிச் சுட்டுத் தின்றும் பார்த்தார்கள். அவளைத் தள்ளியவர்கள் எதையும் பார்க்கவில்லை.

ஞாயிறன்று ஸ்காபரோ மண்டபத்தில் மணவறையின் இருபுறமும் பாலிகைகள் நின்றன. மாப்பிள்ளை வீட்டுச் சட்டிகளில் முளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாய் எட்டிப் பார்த்தன. பெண் வீட்டுச் சட்டிகளில் கோதுமை விரல் உயரத்துக்கு, சீப்பின் பற்களைப்போல நெருக்கமாய் எழுந்து நின்றது.

"என்ன வடிவா வந்திருக்கு! ராசேஸ் அக்காட கை ராசியான கையடி."

"என்ர தங்கச்சியிட மகளுக்கும் இவாதான் போட்டவா. இப்ப ரெட்டைப் பிள்ளையள்!"

இராஜேஸ்வரி அடக்கமாய்ச் சிரித்து வீடியோக்காரனுக்கு முகத்தைக் காட்டினாள். நிலாணி மூன்றாம் வரிசையிலிருந்து மகளைப் பார்த்தாள். தாய் தந்தை இருக்க வேண்டிய இடத்தில் நவரட்ணமும் இராஜேஸ்வரியும் இருந்தார்கள். அட்சயா தலை நிமிரவேயில்லை.

மேடை விளக்குகள் நெருப்பாய் எரிந்தன. முளைகளின் நுனி தொங்கத் தொடங்கியதை முதலில் கண்டவள் நிலாணி. ஐயர் மந்திரத்தில் இருந்தார். பெண்கள் சேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போனால், தாலி ஏறும் வேளையில் அவ்வளவும் சரிந்து கிடக்கும்.

முதுகுக்குப் பின்னால் யாரோ கூப்பிட்டதுபோல இருந்தது. இஞ்சாரும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து நேரே மேடைக்கு நடந்தாள்.

இராஜேஸ்வரி பதறிக் கையை நீட்டினாள். "நிலாணி! இஞ்ச வரக்கூடாதப்பா. சனம் பாக்குது."

நிலாணி பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்துச் சட்டிகளின் ஓரத்தில் மெல்லத் தண்ணீர் வார்த்தாள்.

"தண்ணி காணாது, அக்கா. இது நான் விதைச்சது. எனக்குத் தெரியும்."

"என்ன?"

"நீங்கள் போட்டது அழுகிப்போச்சுது. இது என்ர கை."

இராஜேஸ்வரியின் முகத்தில் இரத்தமில்லை. "ஐயையோ… உதைத் தூக்கி அங்கால வையுங்கோ ஆராவது!"

"எறிஞ்சால் பிள்ளைக்குக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அட்சயா அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். தாய் நிற்க இடம் வேண்டுமென்று தன் கூறைச் சேலையின் கரையைச் சுருட்டி மடிக்குள் எடுத்துக்கொண்டாள். ஐயர் நிலாணியையும் இராஜேஸ்வரியையும் பார்த்தார். மந்திரத்தை நிறுத்தாமல் கெட்டிமேளத்துக்குக் கையைத் தூக்கினார்.

நிலாணி சட்டியின் விளிம்பில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு மூன்றாம் வரிசைக்குத் திரும்பாமல் அங்கேயே, பாலிகைக்குப் பக்கத்தில், நிலத்தில் உட்கார்ந்தாள். மேளச் சத்தத்தில் முளைகள் மெல்ல நடுங்கி நிமிர்ந்தன.

அந்தச் சட்டிகளை நாலாம் நாள் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய் ஏரியில் விடவேண்டியவள் இராஜேஸ்வரி.