ஷெட்டில் இருந்த சக்களத்தி

அந்த வண்டிக்கு இரண்டே இருக்கை. அதை வாங்கிய அன்று தனக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு என்பது சர்வேயருக்கு ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. எங்கே போனாலும் குடும்பம் பஸ்ஸில் போகும். அவர் பச்சை ஸ்போர்ட்ஸ் காரின் கூரையை இறக்கிவிட்டு முன்னதாகவே போய்ச் சேர்ந்திருப்பார். மலைப்பாதை வளைவுகளில் அது சொன்ன பேச்சைக் கேட்ட அழகை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். வேறு ஒருவரை ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. மனைவி அதற்கு வைத்த பெயர் சக்களத்தி.

இப்போது அவருக்கு முழங்கால் போய்விட்டது. தரையோடு ஒட்டிய அந்த இருக்கையில் எப்படியோ விழுந்துவிடலாம். எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும். அலுத்துப்போய் விற்றுவிட்டார். ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். வண்டியைக் கயிறு கட்டி இழுக்காமல், அது தானே உறுமிக்கொண்டு வாசலைத் தாண்ட வேண்டும்.

வாங்கிய பல் டாக்டர் ஷெட் வாசலில் நின்றார். சர்வேயர், பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கை இழுத்துச் சாவியைத் திருகினார். வண்டி இருமிவிட்டு நின்றது. மறுபடியும் அதே கதை. எஞ்சினில் பெட்ரோல் அதிகமாகி நாற்றம் மூக்கைத் துளைத்தது. முன்பெல்லாம் இப்படி ஆனால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சர்வேயருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே மனைவி வந்தாள். டாக்டரும் அவளுமாக அவரைத் தூக்கி வெளியே நிறுத்தினார்கள். அவள் உட்கார்ந்து சோக்கை உள்ளே தள்ளினாள். ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க வெளியூர்ல இருந்த ரெண்டு வருஷமும் வாராவாரம் ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொன்னீங்களே. மெக்கானிக் சொல்லிக் கொடுத்தாரு.”

ஓட்டினாயா என்று கேட்டார். நகர்த்தக் கூடாது என்று அவர் சொல்லியிருந்ததால் ஓரடிகூட நகர்த்தவில்லை என்றாள். அப்போதே டிரைவிங் ஸ்கூலில் கற்று லைசென்ஸ் எடுத்ததையும், என்றைக்காவது சாவியை நீட்டுவார் என்று அதை இரண்டு தடவை புதுப்பித்ததையும் சாதாரணமாகச் சொன்னாள். சர்வேயருக்கு வெட்கமாக இருந்தது.

“ஒரு ரவுண்டு போயிட்டு வாயேன். டாக்டர் ஒண்ணும் சொல்லமாட்டார்.”

“லைசென்ஸ் முடிஞ்சு ஒன்பது வருஷமாச்சுங்க.”

எஞ்சினை அணைக்காமல் இறங்கி, டாக்டருக்குக் கதவைப் பிடித்தாள். சர்வேயர் ஆசைப்பட்டபடியே வண்டி உறுமிக்கொண்டு வாசலைத் தாண்டியது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாத்திரம் கழுவ உள்ளே போகிறவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.