நாற்பத்திரண்டு வீடுகளின் மதிப்பு

“டைல்ஸ் போடவா, சிமெண்டே போதுமா? சொல்லு காஞ்சனா, நீதானே காசு படிச்சவ.”

அண்ணன் யோகேந்திரன் இதைக் கேட்பது மூன்றாம் முறை. லூனாஸுக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவன். குடியிருப்பது கம்பெனி வீடு. ஆனாலும் ஐம்பது வயதில் கைக்கு வந்த ஈ.பி.எஃப். சேமநிதிப் பணத்தில் பன்னிரண்டாயிரம் வெள்ளியைப் போட்டு, பின்பக்கம் சமையல்கட்டை இழுத்துக் கட்டப்போகிறான். தோட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் கட்டிக்கொண்டார்கள். மணல் இறங்கிவிட்டது. கொந்தராக்டர் நாளைக் காலை வருகிறார்.

காஞ்சனாவுக்குச் சுங்கைப் பட்டாணியில் நிதி ஆலோசனை நிறுவனமொன்றில் வேலை. ஒரு கம்பெனி இன்னொன்றை எப்படி வாங்குகிறது என்பதை வார இறுதி வகுப்பில் படிக்கிறாள். அடுத்த மாதம் பரீட்சை. படிப்போடு நின்றிருந்தால் நிம்மதி. பழகிக்கொள்ளட்டும் என்று முதலாளி நிஜ வேலைக் கோப்பு ஒன்றையும் கொடுத்துவிட்டார். வீடு கட்டி விற்கும் பினாங்கு நிறுவனம் ஒன்று, இதே தோட்டத்துக் கம்பெனியை வாங்கப் பேசிக்கொண்டிருந்தது.

கோப்பைத் தொடுமுன் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அறிவிப்பு வரும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது. உறவினர் யாருக்காவது அங்கே சொத்தோ பங்கோ உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினாள். பொய்யில்லை, அண்ணனுக்கு அங்கே ஒரு கதவுகூடச் சொந்தமில்லை. வெள்ளிக்கிழமைதான் சொத்துப் பட்டியலில் அந்தப் பக்கத்துக்கு வந்தாள். தொழிலாளர் வீடுகள், நாற்பத்திரண்டு. மதிப்பு, பூஜ்யம். கைமாறியதும் இடிக்கப்படும்.

அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகும் மடிக்கணினியைத் திறந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் பொறுத்துக் கட்டலாமே அண்ணே.”

“எதுக்கு?”

“சும்மாதான். ரெண்டு மாசம்.”

“மழை வந்துடும் லா. உங்கண்ணி ஒழுகுற தகரத்துக்குக் கீழேயே கொழம்பு வைக்கட்டுங்கறியா?”

“மூணு மாசம்னா இன்னும் நல்லது.”

யோகேந்திரன் அவளையே பார்த்தான்.

“நான் கிட்ட வந்தா அந்தப் பொட்டியை ஏன் மூடுறே?”

“ஆபீஸ் வேலைண்ணே.”

“எந்தத் தோட்டத்து வேலை?”

காஞ்சனா மடிக்கணினியைப் பைக்குள் தள்ளினாள். யோகேந்திரனுக்கு அது போதும். வாசற்படியில் போய் உட்கார்ந்து கொந்தராக்டரைப் போனில் கூப்பிட்டான்.

“நாளைக்கு வேண்டாம் பாஸ். காசு பத்தலை.”

வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு முனியாண்டி நிமிர்ந்தார்.

“உனக்கா காசு பத்தலை? நேத்துவரைக்கும் டைல்ஸ் கலர் பாத்தவனாச்சே.”

யோகேந்திரன் சிரிக்க முயன்றான். வரவில்லை.

“சரி, அந்த ஆளு சும்மாதானே இருப்பான்? என் வீட்டுக்கு வரச் சொல்றேன். எம் பொஞ்சாதி மருதம்மாளுக்கு முட்டி வலி, உள்ளேயே குளிக்கிற ரூம்பு வேணுங்கறா. சேத்து வச்சதெல்லாம் இதுக்குத்தான். உன் மணலையும் நானே எடுத்துக்கறேன்.”

முனியாண்டி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். யோகேந்திரன் தங்கை பக்கம் திரும்பினான்.

இவரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் தெரியும். திங்கட்கிழமை முதலாளிக்குத் தெரியும். பிறகு வேலை ஏது, பரீட்சை ஏது? காஞ்சனா வாசலுக்கு வந்தாள். முனியாண்டி போனைக் காதில் வைத்துவிட்டார்.

“முனியாண்டிண்ணே, அதைக் கீழே வைங்க,” என்றாள். “உள்ளே வந்து உக்காருங்க.”

அவர் வந்ததும் யோகேந்திரன் எழுந்து கதவைச் சாத்தினான்.